எரியும் கை: ஒரு வலியின் சரித்திரம்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "அண்ணே, நீங்க வரலாறு படிச்சவங்க. நம்ம ஜில்லாவைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார்கள். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதை எழுத என்னைவிடத் தகுதி வாய்ந்த அறிஞர் பெருமக்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நானோ பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, வயிற்றுப்பாட்டுக்காகத் தொழிலாளர் நலத்தில் ஒரு டிப்ளமாவும் வாங்கிக்கொண்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டு மூன்று ஆலைகளில் நல அலுவலராகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். அடிபட்ட கைகளை வேனில் ஏற்றி, கவரப்பேட்டை, தச்சூர், செங்குன்றம், மூலக்கடை என்று சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே என் உத்தியோகத்தில் பாதி போயிற்று. ஆகவே எனக்குத் தெரிந்த சரித்திரம் கைகளின் சரித்திரம்தான். அதிலும் காயம் ஆறிய பிறகும் ஆறாத ஒரு வலியின் சரித்திரத்தை இங்கே சொல்கிறேன். ராஜா கதை இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். இதிலும் ஒரு ராஜா வருகிறார். டச்சுக்காரர்களும் வருகிறார்கள்.

அந்த வலிக்கு இன்றைய மருத்துவ உலகம் வைத்திருக்கும் பெயர் 'காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்'. சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ். (சி.ஆர்.பி.எஃப். என்று படித்துவிட வேண்டாம், அது போலீஸ்.) தமிழில் 'சிக்கலான வட்டார வலிக் கூட்டுநோய்' என்று எழுதிப் பார்த்தேன். வட்டாரம் என்றதும் லைசென்ஸ் எடுக்கப் போகிற ஆபீஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எனவே எழுத்துகளாகவே இருக்கட்டும்.

நோய் எப்படி வருகிறது? பெரிய விபத்துதான் வேண்டும் என்பதில்லை. மணிக்கட்டு எலும்பு முறிவு, விரல் நசுங்கல், ஒரு சின்ன ஆபரேஷன், சில சமயம் வெறும் சுளுக்கு. எலும்பு கூடிவிடும், புண் ஆறிவிடும். வலி மட்டும் சில வாரங்களில் குறைவதற்குப் பதிலாக ஏறும். சட்டைக் கை உரசினாலே உயிர் போகும். அடிபட்ட கை சிவக்கும் அல்லது நீலம் பாயும். ஒரு நாள் மற்றக் கையைவிடச் சூடாக இருக்கும், சில மாதம் கழித்துத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். வீங்கும், வியர்க்கும். நகமும் ரோமமும் அந்தக் கையில் மட்டும் வேறு மாதிரி வளரும். விரல்கள் மடங்காமல் இறுகிப்போகும். ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகமாக வருகிறது என்பது ஐரோப்பியக் கணக்கு. இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை என்று ஒன்று கிடையாது. ஸ்கேனிலும் 'இதோ இதுதான்' என்று காட்ட முடியாது. டாக்டர் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, நோயாளி சொல்வதைக் காதால் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த 'கேட்டு' என்ற இடத்தில்தான் நானூறு வருஷமாகத் தகராறு.

நான் பார்த்த பையனுக்கு ஆரம்பாக்கம் பக்கத்து ஊர். 2008இல் வயது இருபத்தாறு. பிரஸ் ஷாப்பில் வேலை. மெஷினில் கை போகவில்லை; எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது, அவ்வளவே. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்ததும் எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நல்லா கூடிடுச்சு, டியூட்டிக்குப் போகலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பையன் ஈரத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு என் அறைக்கு வந்தான். "சார், அடுப்பு மேல கைய வச்ச மாதிரியே இருக்கு சார். ஃபேன் காத்து பட்டாகூடத் தாங்கல." மேலே ஃபேனை நிறுத்தியதும் முகம் தெளிந்தது. நிர்வாகத்தில் ஒருவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "படம் சுத்தமா இருக்கேய்யா. லீவுக்கு நடிக்கிறான்" என்றார். எக்ஸ்ரேயில் வலி தெரியாது என்பது அவருக்கு எட்டவில்லை. பையனுடைய அம்மா, பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக, செய்வினை என்று ஒரே பிடியாக நின்றார். அவராவது மகனுக்கு வலிக்கிறது என்பதை நம்பினார்.

பழைய பாடமுறைப்படி ராஜாவிலிருந்தே தொடங்குவோம். 1560 முதல் 1574 வரை பிரான்ஸை ஆண்ட ஒன்பதாம் சார்லஸுக்குக் காய்ச்சல் கண்டது. அக்கால வழக்கப்படி கை நரம்பைக் கீறி ரத்தம் வடித்தார்கள். கத்தி ரத்தக்குழாயோடு பக்கத்து உணர்வு நரம்பையும் குத்திவிட்டது. அந்தக் கணமே வலி, கை சுருண்டுகொண்டது, மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. அரண்மனை வைத்தியர் அம்ப்ருவாஸ் பாரே இதைக் குறித்து வைத்திருக்கிறார். மூன்று மாதம் போலத் தொல்லைப்பட்டு ராஜாவுக்குச் சரியாயிற்று. ராஜா என்பதால் நடிக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை என்பதை மட்டும் நான் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன்.

அடுத்து முந்நூறு வருஷம் தாண்டி அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு வருவோம். பி.ஏ. இரண்டாம் ஆண்டில் லிங்கன், கெட்டிஸ்பர்க், அடிமை முறை ஒழிப்பு எல்லாம் மனப்பாடம் செய்தோமே, அதே போர். அதில் குண்டடிபட்டு நரம்பு காயப்பட்டவர்களுக்கென்றே ஃபிலடெல்ஃபியாவில் டர்னர்ஸ் லேன் என்ற இடத்தில் ஒரு ஆஸ்பத்திரி இயங்கியது. அங்கே சைலஸ் வெயர் மிட்செல், ஜார்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் என்ற மூன்று டாக்டர்கள். 1864இல், போர் முடிவதற்கு முன்பே, மூவரும் சேர்ந்து நரம்புக் காயங்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். இந்த எரியும் வலிக்கு மிட்செல் பின்னர் 'காசால்ஜியா' என்று பெயர் சூட்டினார். கிரேக்கத்தில் எரிவு, வலி என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை.

அந்தச் சிப்பாய்களைப் பற்றிய வர்ணனையைப் படித்தபோது எனக்கு மயிர்க் கூச்செறிந்தது. அவர்கள் எப்போதும் கையில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டே திரிந்தார்களாம். பாதத்தில் எரிச்சல் உள்ளவர்கள் பூட்ஸுக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நடந்தார்களாம். பத்திரிகைத் தாள் சலசலப்பதும், பக்கத்தில் ஒருவர் தரையதிர நடப்பதும், பாண்டு வாத்திய அதிர்வும்கூட வலியை ஏற்றிவிட்டிருக்கின்றன. நூற்று நாற்பத்து நான்கு வருஷம் கழித்து ஆரம்பாக்கத்துப் பையன் ஈரத் துண்டோடு வந்து நின்றானே, அவன் மிட்செலைப் படித்திருப்பானா? எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். நடிக்கிறவனுக்கு யார் இத்தனை சரியாகச் சொல்லிக் கொடுப்பார்கள்?

மிட்செல் கையாண்ட வைத்தியம் பெரும்பாலும் மார்ஃபியா ஊசி. வலி மரத்துக் கிடக்கும், நோய் போகாது. இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கை, கால் வெட்டப்பட்டவர்கள் இல்லாத கையில் வலிக்கிறது என்று சொல்வார்களே, அந்த 'மாய உறுப்பு' என்ற சொல்லையும் பிரபலமாக்கியவர் இதே மிட்செல்தான். இந்த இரண்டு வலிகளும் பிற்பாடு ஒரே கண்ணாடியின் முன்னால் வந்து நிற்கப் போகின்றன. அதே மனிதர்தான் பிற்காலத்தில் நரம்புத் தளர்ச்சிக்கு 'படுத்தே கிட' என்ற ஓய்வு வைத்தியத்தையும் பரப்பினார். நம் கதையின் நோய்க்கு அதைவிடக் கெடுதலான வைத்தியம் கிடையாது.

1895இல் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிக்கிறார். ஐந்தே வருஷத்தில், 1900இல், ஜெர்மனியில் பால் சூடெக் என்ற அறுவை மருத்துவர் இப்படிப்பட்ட கைகளைப் படம் பிடித்து, எலும்புகள் செல்லரித்த மாதிரித் திட்டுத் திட்டாக மெலிந்திருப்பதைக் காட்டினார். நம் ஊர் எலும்பு டாக்டர்கள் பலர் இன்றைக்கும் இதை 'சூடெக்' என்றுதான் சொல்வார்கள். சூட்டு நோய்க்கு சூடெக் என்று பெயர் அமைந்தது தமிழனுக்கு ஒரு சௌகரியம்! ஆனால் எல்லாருக்கும் இந்த எலும்புத் தேய்வு தெரிவதில்லை. எங்கள் பையனுக்கு முதல் படத்தில் தெரியவில்லை.

அடுத்த ஐம்பது வருஷம் கத்தியின் காலம். முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு நிபுணர் ரெனே லெரிஷ், இந்தச் சூடு, வியர்வை, நிறமாற்றம் எல்லாவற்றுக்கும் பரிவு நரம்பு மண்டலமே காரணம் என்று கருதி, 1916 வாக்கில் ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள அந்த நரம்பு இழைகளை உரித்தெடுத்தார். பரிவு நரம்பு என்பது பாடப்புத்தகத் தமிழ். நோயாளி மேல் பரிவு காட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரத்தக்குழாயைச் சுருக்குவதும் வியர்க்க வைப்பதும் அதன் வேலை. லெரிஷ் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. வலி என்பது நன்மை செய்யும் எச்சரிக்கை மணி, தாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று மற்றவர்கள் உபதேசம் செய்துகொண்டிருந்த காலத்தில், இந்த மாதிரி வலியால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எதிர்த்து எழுதியவர் அவர். இரண்டாம் உலகப் போரில் ஏராளமான சிப்பாய்களுக்குப் பரிவு நரம்பைத் துண்டித்தார்கள். 1946இல் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 'ரிஃப்ளெக்ஸ் சிம்பதடிக் டிஸ்ட்ரஃபி' என்று பெயரை மாற்றினார். ஆர்.எஸ்.டி. என்று பழைய டிஸ்சார்ஜ் சீட்டுகளில் பார்த்திருப்பீர்கள்.

பெயரிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டதால் வைத்தியமும் அதே வழியில் போயிற்று. கழுத்தடியில் இருக்கும் நட்சத்திர வடிவ நரம்பு முடிச்சில் மரப்பு ஊசி. கையைக் கட்டிவிட்டு ரத்தக்குழாயில் குவானெத்திடின் மருந்து. இந்தக் குவானெத்திடின் ஊசி 1974 முதல் பெரிய பேராக இருந்தது. 1990களில் மருந்தையும் வெறும் உப்பு நீரையும் யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்துச் சோதித்துப் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசமில்லை என்று வந்தது. இருபது வருஷமாக ஊசி போட்டுக்கொண்டவர்கள் கதி! கடைசியில் 1994இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம், காரணம் முழுசாகத் தெரியாத ஒன்றுக்குக் காரணத்தைப் பெயராக வைக்க வேண்டாம் என்று தீர்மானித்து, சி.ஆர்.பி.எஸ். என்ற இன்றைய பெயரைக் கொடுத்தது. 2003இல் புடாபெஸ்ட் நகரில் கூடி, உணர்ச்சி, நிறமும் சூடும், வீக்கமும் வியர்வையும், அசைவும் நக ரோம மாற்றமும் என நான்கு கூறுகளாகப் பிரித்து, எதெல்லாம் இருந்தால் இந்த நோய் என்று அடையாளங்களை வரையறுத்தார்கள். சாதாரணமான காரியமாகத் தோன்றலாம். ஆனால் 'நடிக்கிறான்' என்ற சொல்லுக்கு எதிராக ஒரு தொழிலாளியின் கையில் கொடுக்கத்தக்க முதல் காகிதம் அதுதான்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

வட சென்னைக்காரர்களும் பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிக்காரர்களும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொன்னால் அது ஸ்டான்லி. பதினெட்டாம் நூற்றாண்டுப் பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் அந்தப் பெயர். அங்கே 1970களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி, கைக்காயங்களுக்கென்றே ஒரு பிரிவை உருவாக்கினார். அது பிற்பாடு தனி நிலையமாகவே வளர்ந்தது. பிரஸ்ஸும் லேத்தும் ரோலிங் மில்லுமாக இருந்த நம் பகுதிக்கு அது எவ்வளவு பெரிய வரப்பிரசாதம் என்பதை ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள்.

அதே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்தான் 1951இல் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன். அரசியல் சட்டத்தை வகுத்தவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் சான் டியாகோவில் மூளை ஆராய்ச்சி செய்தார். 1990களின் நடுவில் அவர் செய்த ஒரு சோதனைக்கு ஆன செலவு, நம் கல்லூரி விலங்கியல் லேபில் ஒரு தவளைக்கு ஆகிற செலவை விடச் சற்றுக் கூட இருக்கலாம்! மேல் மூடியில்லாத ஒரு அட்டைப்பெட்டி, நடுவில் நிறுத்திய ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கை இழந்தவர் நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து அசைக்கிறார். கண்ணாடிக்குள் தெரியும் பிம்பம், போன கை திரும்பி வந்து அசைவது போலத் தோன்றுகிறது. பல வருஷமாக இறுக மூடி நகம் குத்தி வலித்துக்கொண்டிருந்த மாயக் கை சிலருக்கு மெல்லத் திறந்துகொண்டது. வலி இருப்பது கையில் மட்டுமா, மூளை வரைந்து வைத்திருக்கும் கையின் படத்திலுமா என்ற கேள்வி அங்கே பிறந்தது.

2003இல் இங்கிலாந்தில் பாத் நகரில் கேண்டி மெக்கேப் குழுவினர் இதே கண்ணாடியை சி.ஆர்.பி.எஸ். நோயாளிகள் எட்டுப் பேருக்குப் பயன்படுத்தினார்கள். நோய் வந்து எட்டு வாரத்துக்குள் வந்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. ஒரு வருஷத்துக்குள் வந்தவர்களுக்கு இறுக்கம் தளர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனவர்களுக்குப் பலனில்லை. எட்டே பேர்தான், பெரிய சாட்சியம் என்று சொல்ல முடியாது. பிறகு வந்த ஆய்வுகளும் ஓரளவுக்குத்தான் துணை நிற்கின்றன. ஆனாலும் அந்த எட்டு வாரம் என்ற கணக்கை நான் மறக்கவில்லை. 'டியூட்டிக்குப் போ, நடிக்காதே' என்று விரட்டுவதில் போகிற காலம் அந்த எட்டு வாரம்தான்.

இந்த இடத்தில் வேலூரைச் சொல்லாமல் போனால் சரித்திரம் நிறையாது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்தினார். விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் தேய்ந்து போகின்றன என்று நிரூபித்தவர் அவர். வலியை ஒரு வரம் என்றே எழுதினார். ஆக, வலி இல்லாமையால் அழியும் கையை வேலூரில் பார்த்தார்கள். வலி மிகுதியால் முடங்கும் கையை நான் சிப்காட்டில் பார்த்தேன். லெரிஷும் பிராண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து விவாதித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பஸ்ஸில் போகும்போது யோசித்ததுண்டு. இரண்டு பேரும் சொன்னது சரிதான் என்பது என் கட்சி.

சரி, இன்றைக்கு என்னதான் வைத்தியம்? மாணவத் தம்பி தங்கைகள் இதைக் கவனமாகப் படிக்கலாம். வீட்டில் ஒருவருக்கு மணிக்கட்டு முறிவது ஆச்சரியமான விஷயம் இல்லை.

முதலாவது, அசைவு. வலிக்கிற கையைத் தொட்டிலில் போட்டு வைத்தால் நோய் வலுக்கும். பிசியோதெரபி என்ற இயன்முறைச் சிகிச்சைதான் இதற்கு அடித்தளம், மற்றதெல்லாம் அதற்குத் துணை. எங்கள் பையனைப் பார்த்த அம்மையார் முதல் நாள் கையைத் தொடவே இல்லை. "வலிக்குதுன்னு நீ சொல்றத நான் நம்பறேன். ஆனா வலிச்சா கை கெட்டுப்போகுதுன்னு அர்த்தமில்லை, சரியா?" என்று சொல்லிவிட்டுப் பஞ்சை எடுத்து அவனிடமே கொடுத்தார். அவனே அவன் கையில் தடவிக்கொள்ள வேண்டும். பஞ்சுக்கு அப்புறம் பட்டுத் துணி, பிறகு துண்டு, பிறகு ஒரு குண்டானில் அரிசியைக் கொட்டி அதற்குள் விரலை விட்டு அளைவது. உணர்ச்சி நரம்புக்கு மெல்ல மெல்லப் பழக்கம் கொடுக்கும் முறை. ஐஸ் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மூன்றாவது வாரத்தில் கண்ணாடி. பொன்னேரி பஜாரில் வாங்கிய ரெண்டடிக் கண்ணாடி, ஒரு பலகையில் நிறுத்தி, ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு நாலைந்து தடவை. அவன் அம்மாவுக்கு இதில் ஏதோ மாந்திரீக வாடை அடித்ததால் உடனே நம்பிக்கை வந்துவிட்டது.

மருந்துகளில், ஆரம்பக் கட்டத்தில் குறைந்த நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை பலருக்கு உதவுகிறது. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல ஆய்வு உண்டு. லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவ உயர்கல்வி நிறுவனத்தில், பக்கவாதத்துக்குப் பின் இந்த நோய் வந்த 60 பேரில் பாதிப் பேருக்கு பிரெட்னிசலோனும் பாதிப் பேருக்குச் சாதாரண வலி மாத்திரையான பைராக்சிகாமும் கொடுத்தார்கள். 2006இல் வெளியான முடிவு: முதல் பிரிவில் 83 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், இரண்டாவதில் 17 சதவீதம்தான். எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் பிஸ்ஃபாஸ்ஃபோனேட் மருந்துகளும் ஆரம்பத்தில் பலன் தருவதாக ஆய்வுகள் உண்டு. நரம்பு வலிக்கான காபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாத்திரைகளை எழுதுவார்கள், தூங்கவாவது உதவும். கழுத்து ஊசியை இன்றும் போடுகிறார்கள். அந்த நிம்மதி இருக்கும்போதே கையை அசைத்துவிடலாம் என்பது அதன் தாத்பரியம். ஊசியே நோயைத் தீர்க்கும் என்று நம்பத் தக்க சாட்சியம் இல்லை. கெட்டமின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும் உண்டு. பலன் சில வாரங்களுக்குத்தான். அதுவும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டியது.

டச்சுக்காரர்கள் வருவார்கள் என்று சொன்னேன் அல்லவா? 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டிய அதே நாட்டார், இந்த நோயில் விசேஷ அக்கறை எடுத்துக்கொண்டவர்கள். 1999இல் மணிக்கட்டு முறிந்தவர்களுக்கு 50 நாள் தினம் 500 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுத்தார்கள். கொடுக்காதவர்களில் 22 சதவீதம் பேருக்கு இந்த நோய் வந்தது, கொடுத்தவர்களில் 7 சதவீதம். நெல்லிக்காய்க்காரர்களான நமக்குச் சந்தோஷமான செய்திதான், ஆனால் 2014இல் ஸ்காட்லாந்தில் செய்த ஆய்வில் வித்தியாசம் எதுவும் வரவில்லை. இன்னொன்று முதுகுத் தண்டுக் கருவி. அடிபட்ட இடத்தை உடனே தேய்த்துவிட்டால் வலி குறைகிறதே, அதற்கு 1965இல் மெல்சாக், வால் இருவரும் 'வாசல்' தத்துவம் சொன்னார்கள். முதுகுத் தண்டில் ஒரு வாசல் இருக்கிறது, தொடு உணர்ச்சி நுழைந்தால் வலிக்கு வழி அடைபடும் என்று. அதை வைத்து 1967இல் நார்மன் ஷீலி தண்டுவடத்தில் மின்கருவி பொருத்தினார். 2000இல் டச்சுக் குழு ஒன்று 54 நோயாளிகளில் சோதித்தது. ஆறு மாதத்தில் கருவிக்காரர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் கரைந்துவிட்டிருந்தது. ஆனாலும் அநேகமாக எல்லாருமே 'மறுபடியும் வைத்துக்கொள்வேன்' என்றார்களாம். இது நம் ஊரில் லட்சக்கணக்கில் செலவாகும் காரியம். மற்ற எல்லா வழியும் பார்த்து முடிந்தவர்களுக்கே யோசிக்க வேண்டியது.

"கைய வெட்டி எடுத்துடுங்க சார், போதும்." ஒரு ராத்திரி பையன் எனக்கு போன் செய்து சொன்ன வார்த்தை இது. இந்த நோயாளிகள் பலர் இப்படிக் கேட்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வெட்டினாலும் மிச்சமிருக்கும் பாகத்தில் வலி திரும்ப வருவது உண்டு. மாயக் கையும் சேர்ந்து வலிக்கும். அதனால்தான் மருத்துவர்கள் அதற்குச் சுலபத்தில் சம்மதிப்பதில்லை. ஆனால் அந்தப் பேச்சில் எனக்கு உறைத்த விஷயம் வேறு.

1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு அட்டவணை இருந்தது. ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் அதே கணக்குத்தான் இருந்தது. கட்டைவிரல் போனால் 30 சதவீத ஊனம். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. பிற்பாடு வந்த 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த விரல் கணக்கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஐந்து விரலும் இருந்து ஒன்றும் மடங்காத கைக்கு அட்டவணையில் வரி இல்லை. அதாவது பையன் சொன்னபடி கையை வெட்டியிருந்தால் ஒரே நாளில் கணக்குத் தீர்ந்திருக்கும்! அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்பார்கள்?

வாரியத்தின் முன்னால் போனபோது நாங்கள் கொண்டுபோனது மூன்று சாமான். புடாபெஸ்ட் அடையாளங்கள் ஒவ்வொன்றையும் பார்த்து டாக்டர் எழுதிய சீட்டு ஒன்று. இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாதா மாதம் எடுத்த போட்டோக்கள். மூன்றாவது, நாற்பது பக்க நோட்டு. பிசியோதெரபி அம்மையார் சொல்லி, தினமும் காலையில் விரலை மடக்கி, விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதியது. முதல் பக்கத்தில் ஆறு சென்டிமீட்டர். கடைசிப் பக்கத்தில் ஒன்றரை. நடுவில் பத்து நாள் அளவு குறையவே இல்லை. ஒரு வாரம் திரும்பவும் ஏறியிருக்கிறது. நடிக்கிறவன் ஏறுமுகத்தை மட்டும் எழுதுவானே தவிர இப்படி எழுத மாட்டான்.

வாரியத்தில் இருந்த பெரியவர் சீட்டைப் படித்தார், போட்டோவைத் தள்ளி வைத்தார், நோட்டைக் கடைசி வரைக்கும் புரட்டினார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, "எழுத்து ஏன் இப்படிக் கோணல் மாணலா இருக்கு?" என்றார்.

"இடது கையால எழுதினது சார்" என்றான் பையன். "போகப் போகப் பாருங்க, முப்பதாம் பக்கத்துல இருந்து சோத்துக் கைதான்."

அவர் முப்பதாம் பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, மதிப்பீட்டுப் படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டார்.